பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை

சாந்தோம்
9 ஜூன் 2025

பொன்மணி,

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். உன் அலுவலகத்துக்கு அடித்தால் "மேடம் ஃபீல்டுல இருக்காங்க" என்கிறார்கள். பின்னாலேயே நீ யாரையோ அதட்டுவது எனக்குக் கேட்கிறது. தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாதே, அதனால் கடிதம். சமூகப்பணி முதுகலை படித்தபோது இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

சனிக்கிழமை எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்கள் தொண்டு நிறுவனத்தில் முடித்து வைத்த கோப்புகளை என் மாணவர்கள் அனுமதி வாங்கித்தான் படித்தார்கள். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் பிள்ளையைத் திரும்பத் தாயிடம் அனுப்பலாமா என்று பார்க்க நீங்கள் வீட்டுப் பார்வை என்று வீட்டுக்குப் போய் எழுதும் அறிக்கைகள் அவை. எல்லாப் பெயர்களையும் அழித்துவிட்டோம், எழுதியவர் பெயரையும் சேர்த்து. படிக்கப் படிக்க ஒரே வாக்கியம் வந்துகொண்டே இருந்தது: வீடு பூட்டியிருந்தது. மூன்று முறை அப்படி எழுதினால் அதற்கடுத்து "குடும்பம் ஒத்துழைக்கவில்லை." அதற்கடுத்து அந்தப் பிள்ளைக்கு இல்லத்தில் இன்னொரு வருஷம்.

அந்தக் குடும்பங்கள் யார்? ஆற்றோரக் குடிசைகளிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். வீடுதான் அங்கே போயிற்று, வேலை போகவில்லை. விடிவதற்குள் பஸ் ஏறி மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் வருகிறார்கள், விளக்கு வைத்த பிறகு திரும்புகிறார்கள். நீங்கள் அங்கே போவது நடுப்பகலில். வேலைக்குப் போனதே அவர்கள் செய்த குற்றம் என்று ஆகிவிட்டது. எங்கள் ஆராய்ச்சி சொன்னது இவ்வளவுதான்.

திரையில் "நேரில் சென்று பார்த்ததில் மேற்படி வீடு பூட்டியிருந்தது" என்று வந்தபோது முன் வரிசையில் ஒருவன் சிரித்தான். அப்புறம் வகுப்பே சிரித்தது. உங்கள் இயக்குநர் பத்ரிநாராயணன் கழுத்தைத் திருப்பி, "பொன்மணி, இது உங்க மேற்படிதானே?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டார். நீ எழுந்து போய்விட்டாய். இந்தக் காலத்தில் உன்னைத் தவிர வேறு யாரும் "மேற்படி" என்று எழுதுவதில்லை என்பது எனக்கு முன்கூட்டித் தோன்றவே இல்லை.

அந்தச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆராய்ச்சிக்குக் கேட்க மாட்டேன். அது உண்மை, பொன்மணி.

லிண்டா


ஆதம்பாக்கம்
17 ஜூன் 2025

உயர்திரு உதவிப் பேராசிரியர் லிண்டா லூயிஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்களுடைய மேலான ஆராய்ச்சியின் பயனாக எனக்கு ஒரு மெமோ கிடைத்திருக்கிறது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். "அறிக்கைகளில் கவனக்குறைவு" என்று அதில் கண்டிருக்கிறது. பகலில்தான் போக வேண்டும், ஐந்து மணிக்குள் ஜீப் திரும்பிவிட வேண்டும், மூன்று முறை போனால் கோப்பை முடித்துவிடலாம் என்றெல்லாம் எங்களுக்குச் சொன்னவருக்கு மெமோ இல்லை. தங்கள் கருத்தரங்கில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மேற்படி மரியாதை இத்துடன் போதும். எனக்கே மூச்சு முட்டுகிறது.

லிண்டா, பூட்டுக்கு என்ன அர்த்தம் என்று நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா? இந்தப் பக்கம் முழுவதற்கும் நாங்கள் இரண்டே பேர். ஒரு வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும், அங்கே ஒரு குழந்தை இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருக்கும். நீங்கள் ஏசி ஹாலில் உட்கார்ந்து கண்டுபிடித்தீர்கள். சரி, கண்டுபிடித்த பிறகு என்ன செய்தீர்கள்? கைதட்டினீர்கள், சமோசா சாப்பிட்டீர்கள், போட்டோ எடுத்துக்கொண்டீர்கள்.

உனக்குக் கோப்பு என்றால் ஆசையாயிற்றே. இன்னும் முடியாத ஒன்றைத் தருகிறேன், வைத்துக்கொள். தாயம்மா. மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறாள், புருஷன் இல்லை. மகள் கீர்த்திக்கு ஒன்பது வயது. பெரும்பாக்கத்தில் பள்ளி விட்ட பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று படிப்பை நிறுத்திக் கூடவே கூட்டி வந்துவிட்டாள். மெஸ்ஸுக்குள் பிள்ளையை விட மாட்டார்கள். அது பகலெல்லாம் கோயில் குளத்தோரம் தனியாக உட்கார்ந்திருக்கும். யாரோ போன் பண்ணினார்கள். போய்க் கூட்டிக்கொண்டு வந்து இல்லத்தில் சேர்த்தது நான்தான். ஜீப்பில் என் கையைக் கடித்துவிட்டாள். 

ஜூலைக் கடைசியில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் இந்தக் கோப்பு வருகிறது. கீர்த்தி வீட்டுக்குப் போவதா, இல்லத்திலேயே இருப்பதா என்று அன்றைக்கு முடிவாகிவிடும். நான் இரண்டு முறை போய்விட்டேன். இரண்டு முறையும், உன் மாணவர்கள் ரசித்த அதே வாக்கியம். மூன்றாவது முறையும் பூட்டியிருந்தால் அவளுக்கு இன்னொரு வருஷம்.

உன் ஆராய்ச்சி இதற்கு என்ன சொல்கிறது? ஸ்லைடு வேண்டாம். எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, இரண்டு வரி பிடிக்கும். அதில் எழுதுகிற மாதிரி ஒரே ஒரு வாக்கியம் சொல். சொல்ல வராது என்றால் உன் மாணவர்களைக் களப்பயிற்சிக்கு என்னிடம் அனுப்பாதே. அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது.

பொன்மணி


சாந்தோம்
24 ஜூன் 2025

பொன்மணி,

நீ கோபப்படுவாய், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உன் கேள்வியை வகுப்பில் வைத்தேன். உன் பெயரும் தாயம்மா பெயரும் இல்லாமல், கேள்வியை மட்டும். "இரண்டு வரிக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பாடப் புத்தகத்தில் இருக்கும் பெரிய பெரிய வார்த்தைகளை எல்லாரும் ஒவ்வொன்றாக எடுத்து விட்டார்கள். எதுவும் கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசியில் ஜவஹர் என்கிற பையன் கேட்டான்: "மேடம், பூட்டியிருக்கும்னு தெரிஞ்சே ஏன் மறுபடி அதே டைமுக்குப் போறாங்க? அந்தம்மா எங்க வேலை செய்றாங்களோ அங்க போலாம்ல?" நானும் அதையேதான் கேட்கிறேன்.

இன்னொன்று. உங்கள் நிறுவனத்தின் கையேட்டை வரி விடாமல் படித்தேன். "குடும்பத்தின் சூழலை நேரில் அறிய வேண்டும்" என்றுதான் இருக்கிறது. பகலில் என்று இல்லை. மூன்று முறை என்று எங்குமே இல்லை! யாரோ எப்போதோ வாயால் சொன்னதை நீங்கள் விதி என்று பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பிள்ளையின் ஒரு வருஷத்தை, எழுதாத விதி ஒன்று எடுத்துக்கொள்கிறது.

நீ கேட்ட வாக்கியம் இதோ: "தாய் வீட்டிலிருக்கும் நேரத்தைக் கேட்டறியாமல் சென்றதால், முந்தைய இரு பார்வைகளையும் கணக்கில் கொள்ள வேண்டாம்." இரண்டு வரிக்குள் அடங்கும், எழுதிப் பார்த்துவிட்டேன். இதை எழுதினால் தப்பு உன் தலையில் விழும் என்பதும் தெரியும். உனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ வந்திருக்கிறது. ஆனாலும் எழுது என்றுதான் சொல்வேன்.

உன் அம்மா குடிசையைப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்து உன் கழுத்தில் மாட்டிவிட்டு அடையாறுக்கு வீட்டு வேலைக்குப் போவார் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அந்தக் கதவைப் பார்த்து அன்றைக்கு ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் நீ என் பக்கத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாயா?

லிண்டா


ஆதம்பாக்கம்
5 ஜூலை 2025

லிண்டா,

என் அம்மாவின் சாவியை உன் ஆராய்ச்சியில் கோக்காதே. இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தாயானால் தபால்காரரையும் வாசலோடு அனுப்பிவிடுவேன். இதை முதலில் எழுதிவிட்டேன், மற்றது அப்புறம்.

உன் ஜவஹரின் அருமையான யோசனையைக் கேட்டுக்கொண்டு மயிலாப்பூருக்குப் போனேன். ஜீப்பில் இல்லை, லீவு போட்டுவிட்டு பஸ்ஸில். மெஸ்ஸின் பின்பக்கச் சந்தில் குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள் தாயம்மா. என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"இன்னா மேடம், பொண்ண இட்னு போனது பத்தாதா? இப்ப என் வேலைக்கும் ஒல வெக்க வந்துட்டியா?"

"பேசத்தான் வந்தேன் தாயம்மா."

"மெதுவா பேசு. பொண்ணு ஊர்ல அத்த வூட்ல படிச்சிக்கினு கீதுன்னு சொல்லி வெச்சிக்கிறேன். ஹோம்ல கீதுன்னு தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திருவாங்க. நீயா எனக்குச் சோறு போடுவ?"

அதற்குள் மெஸ் மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "யாருடி தாயம்மா அது? வேலை நேரத்துல என்ன பேசிண்டு?" தாயம்மா கையில் சாம்பலோடு அப்படியே நின்றாள். நான் சட்டென்று, "அவங்க தங்கச்சிங்க, சாவி வாங்க வந்தேன்" என்றேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

புரிகிறதா? வகுப்பில் எல்லாரும் தலையாட்டிய அந்த யோசனையால் அவள் வேலை போயிருக்கும். வேலை போனால் "தாய்க்கு வருமானமில்லை" என்று அடுத்த கட்டத்தில் எழுதுவோம். இதை உன் மாணவர்களிடம் சொல். என் கேள்வியை எடுத்துக்கொண்டு போனாய் அல்லவா, இந்தப் பதிலையும் எடுத்துக்கொண்டு போ.

அப்புறம் தாயம்மாவே சொன்னாள், "பேசணும்னா பஸ்ல வா. அங்கதான் எனக்கு யாரும் மொதலாளி இல்ல." வேலை முடியும்வரை குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். கீர்த்தி உட்கார்ந்திருந்த அதே இடம். ஒரு சாயங்காலம்தான் உட்கார்ந்தேன், பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் வேளச்சேரிவரை நின்றுகொண்டே போனோம். சீட்டு கிடைத்ததும் கேட்டாள்: "தங்கச்சின்னு சொன்னியே, எந்தத் தங்கச்சி அக்கா பொண்ணத் தூக்கிக்கினு போவும்?"

வீட்டை அவளே திறந்தாள். ஒரு அறை, சுத்தமாக இருக்கிறது. எதிர் வீட்டுத் தங்கம் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைக்கிறவள், எப்போதும் வீட்டில் இருக்கிறாள். பள்ளி விட்டதும் கீர்த்தியைத் தன்னிடம் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். "மின்னமே சொன்னேன் மேடம், இது கேக்கல. எனக்குத் தொந்தரவா இருக்கும்னு பாத்திச்சு. இப்ப பிள்ளையே போச்சு, இன்னா தொந்தரவு?" இவ்வளவுதான் வேண்டியிருந்தது. கேட்கப் போனவர்கள் கதவைத்தான் பார்த்தோம், எதிர்க் கதவைத் தட்டவில்லை.

எல்லாவற்றையும் எழுதினேன். உன் வாக்கியத்தையும் எழுதினேன், ஒரு திருத்தத்தோடு. "நான் கேட்டறியாமல் சென்றதால்" என்று போட்டேன். யார் போனது என்று தெரியாத வாக்கியம் எனக்குப் பிடிக்காது. பத்ரிநாராயணன் சார் படித்துவிட்டு, "ஆபீஸ் நேரத்துக்கு வெளியில, லீவுல போனது பார்வையே இல்ல. மூணாவது விசிட்டுக்கு இன்னிக்கு பகல்ல போய்ட்டு வந்து வழக்கம்போல எழுதிக் குடுங்க" என்றார். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பொன்மணி


சாந்தோம்
12 ஜூலை 2025

பொன்மணி,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அம்மா பேச்சை எடுத்தது தவறு. வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்று கையில் கிடைத்ததை எடுத்து எறிந்துவிட்டேன். இனி எடுக்க மாட்டேன்.

மெஸ் சந்தில் நடந்ததை வகுப்பில் சொன்னேன். ஜவஹர் தலையைத் தூக்கவே இல்லை. அவனை நான் தேற்றவும் இல்லை, ஏனென்றால் அந்த யோசனை எனக்கும்தான் பிடித்திருந்தது. அன்றைக்குப் பாடத்தில் என்ன இருந்ததோ அதை ஒதுக்கிவிட்டு, வீட்டுப் பார்வைக்குப் போகும் முன் தாயிடம் கேட்க வேண்டியவை என்ன என்று பேசினோம். எப்போது வரலாம், எங்கே வரலாம், யார் காதில் விழக் கூடாது. மூன்றே கேள்வி. எங்கள் பாடத்திட்டத்தில் இவ்வளவு காலமாக இந்த மூன்றும் இல்லை.

துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். உங்கள் இயக்குநர் அவருக்குப் போன் பண்ணியிருக்கிறார். "களப்பயிற்சிக்கு இடம் குடுக்கறவங்களைப் பகைச்சுக்கக் கூடாது லிண்டா. அந்தப் பாடத்தை விட்டுடுங்க, அந்தக் கட்டுரையையும் கொஞ்ச நாள் ஆறப்போடுங்க" என்றார். நான், "கட்டுரை ஆறலாம் சார், பிள்ளை ஆறப்போடற சாமான் இல்ல" என்றேன். மறுநாளும் அதே பாடத்தைத்தான் எடுத்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் அறைவரைக்கும் கேட்கிற மாதிரி எடுத்தேன்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்காக இல்லை. என் வேலையை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது. உன் வேலை அப்படியில்லை. ஆதம்பாக்கம் வீட்டு வாடகையும் தம்பி படிப்பும் உன் தலையில்தான் இருக்கிறது. குழுவின் முன்னால் நான் வருகிறேனே? ஆராய்ச்சியை நான் வைக்கிறேன், பழியும் என் மேல் விழட்டும். நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திரு. எழுது என்று உசுப்பிவிட்டது நான், இப்போது பின்வாங்குகிறேனோ என்று எனக்கே தெரியவில்லை.

லிண்டா


ஆதம்பாக்கம்
27 ஜூலை 2025

லிண்டா,

வராதே என்று உனக்குத் தந்தி மாதிரி ஒரு வரி எழுதலாம் என்று நினைத்தேன், எழுதவில்லை. நீயே வராமல் இருந்தாய். நல்லது. நீ வந்திருந்தால் பேராசிரியர் சொன்னார் என்று ஆகியிருக்கும். என் கோப்பு, என் வாய்.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். தாயம்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து ஓரமாக நின்றாள். கீர்த்தியை இல்லத்திலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். எண்ணெய் தடவி இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். அம்மா பக்கம் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்ரிநாராயணன் சார் ஒரு அறிக்கையை வைத்தார். மூன்று முறை சென்றும் வீடு பூட்டியிருந்தது, குடும்பம் ஒத்துழைக்கவில்லை. என் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அவர் கையெழுத்து. குழுத் தலைவி அம்மாள் படித்துவிட்டு, "சரி, அப்ப இன்னொரு வருஷம் நீட்டிச்சுடலாமா?" என்று பேனாவை எடுத்தார். அவ்வளவு சாதாரணமாக, லிண்டா. காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்கிற மாதிரி.

நான் எழுந்துவிட்டேன். "அது என் அறிக்கை இல்ல மேடம். என்னோடது இது" என்று மேஜையில் வைத்தேன். சார் கீழ்க்குரலில், "உக்காருங்க பொன்மணி" என்றார். உட்காரவில்லை.

தலைவி கேட்டார், "நீங்க போனப்ப வீடு பூட்டியிருந்துச்சா இல்லையா?"

"ரெண்டு தடவை பூட்டியிருந்துச்சு மேடம். இப்ப உங்க வீட்டுக்குப் போனாலும் பூட்டித்தான் இருக்கும். உங்களையும் ஒத்துழைக்கலைன்னு எழுதிடலாமா?"

அந்த அம்மாள் முகம் சிவந்துவிட்டது. "என் வீடு பூட்டியிருக்காது. வேலைக்கு ஒரு அம்மா இருப்பாங்க" என்றார்.

"அப்ப அந்தம்மா வீடு பூட்டியிருக்கும் மேடம்."

இதை நான் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு, வேலை போச்சு, கீர்த்தியும் போச்சு என்றுதான் நினைத்தேன். ஒரு திமிருக்காகப் பிள்ளையை விட்டுவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். என் அறிக்கையை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "முந்தைய இரு பார்வைகளையும் கணக்கில் கொள்ள வேண்டாம்" என்ற இடத்தில் விரலை வைத்து, "இது உங்க தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க" என்றார். "ஆமா மேடம்" என்றேன். தங்கத்தைப் பற்றிக் கேட்டார், பள்ளியைப் பற்றிக் கேட்டார், தாயம்மாவைக் கூப்பிட்டு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாருமே அவளிடம் கேட்டதில்லை. அப்புறம் உத்தரவு சொன்னார். குழந்தை தாயுடன் போகலாம், மூன்று மாதம் நாங்கள் போய்ப் பார்க்க வேண்டும், தாய் வீட்டிலிருக்கும் நேரத்தில்.

கீர்த்தி அப்போதுதான் தலையைத் தூக்கினாள். ஓடவில்லை. நடந்து போய் அம்மாவின் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் வெளியே வந்து கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் இரண்டாவது மெமோ. இயக்குநரை அவமதித்தேனாம், மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். பதில் எழுதிவிட்டேன்: "மேற்படி மன்னிப்பு என்னிடம் இல்லை."

பொன்மணி


சாந்தோம்
2 ஆகஸ்ட் 2025

என் பொன்மணி,

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். "அப்ப அந்தம்மா வீடு பூட்டியிருக்கும்" என்ற இடத்தில் நிறுத்தி, "இவளை ஏன் இத்தனை நாளா சாப்பிடக் கூப்பிடல?" என்று என்னைத் திட்டினார். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீன் வாங்குகிறோம். வா.

உங்கள் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, இனி எங்கள் மாணவர்களுக்கு அங்கே களப்பயிற்சி இல்லையாம். வருத்தம் தெரிவித்து எழுதுங்கள் என்றார் துறைத் தலைவர். எழுத மாட்டேன் என்றேன். பயிற்சிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம், ஊரில் பூட்டுக்கா பஞ்சம்? கட்டுரையையும் அனுப்பிவிட்டேன். உன் திருத்தத்தை எடுத்துக்கொண்டேன், "நாங்கள் கேட்டறியாமல்" என்று. ஆராய்ச்சி செய்தவர்களும் அந்தப் பிழையில் இருக்கிறோம். மெஸ் சந்தையும் அதில் எழுதியிருக்கிறேன்.

இந்தப் பருவத்தில் வீட்டுப் பார்வைப் பாடத்தை நீ வந்து எடு. விருந்தினர் உரை இல்லை, பொன்னாடை இல்லை, சமோசாவும் இல்லை. பாடம். துறைத் தலைவர் அனுமதி கொடுக்காவிட்டால் மைதானத்து வேப்பமரத்தடியில் எடுப்போம். அவர்களைத் திட்டு, நன்றாகத் திட்டு.

லிண்டா


ஆதம்பாக்கம்
21 ஆகஸ்ட் 2025

லிண்டா,

வஞ்சிரம் நன்றாக இருந்தது என்று அப்பாவிடம் சொல். பாடம் எடுக்கிறேன். மரத்தடி வேண்டாம், வகுப்பிலேயே எடுக்கிறேன், யார் தடுக்கிறார்கள் என்று பார்ப்போம். என்னை இன்னும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. குழுவின் உத்தரவில் பார்வைக்குப் போக வேண்டியவர் என்று என் பெயரை எழுதிவிட்டார்கள், அதனால் பத்ரிநாராயணன் சாருக்கு என்னைப் பார்த்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான். இப்போது நான் சாயங்காலம் போனால் ஜீப்பும் சாயங்காலம் வருகிறது. டிரைவர் என்னைச் சபிக்கிறார்.

நேற்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். முதல் பார்வைக்குப் போனேன். தாயம்மா வரும் நேரம் எனக்குத் தெரியும், ஆனால் டிரைவர் அவசரப்படுத்தியதில் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். தங்கம் வராந்தாவில் உட்கார்ந்து ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். கீர்த்தி அவள் வீட்டு வாசற்படியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், சீருடையைக்கூட மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

"மறுபடியும் இட்னு போக வந்துக்கிறியா?"

எத்தனை வீட்டுப் படி ஏறியிருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கிற வயதில் இருப்பவர்களை நாங்கள் கேட்க விட்டதில்லை.

"இல்ல கீர்த்தி. நீ எப்படி இருக்கேன்னு பாக்கத்தான் வந்தேன்."

"அன்னிக்கும் அப்பிடித்தான் சொன்ன."

சொன்னேன், லிண்டா. குளத்தோரம் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதே வார்த்தையைத்தான் சொன்னேன். தங்கம் சங்கடப்பட்டு, "மேடம்கிட்ட அப்பிடிப் பேசக் கூடாதுடி" என்றாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"உங்கம்மா வந்தப்புறம் வரட்டுமா?" என்று கேட்டேன்.

என்னை நன்றாக ஒருமுறை பார்த்தாள். "அம்மா வரட்டும். அதுகிட்ட கேளு. அது வான்னு சொன்னா வா." சொல்லிவிட்டு நோட்டையும் பையையும் அள்ளிக்கொண்டு தங்கத்தின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கமும் நானும் வெளியே. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. தங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அய்ய, என் வூட்லயே என்னயும் சேத்து வெளிய போட்டுட்டாளே!" என்றாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, டிரைவர் மேலே ஏறி வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

திரும்பி வந்ததும் இரண்டு வரிக் கட்டத்தில் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்: "குழந்தை எனக்குக் கதவைத் திறக்க மறுத்துவிட்டாள். நலமாக இருக்கிறாள்."

பொன்மணி